சலவைக்கல் பிள்ளை

நான்கு வயதில் தொண்டை அடைப்பான் நோயில் இறந்த லூசியனை, தூங்கும் குழந்தையாகச் சலவைக்கல்லில் செதுக்கிப் பாரிஸ் கல்லறைத் தோட்டத்தில் வைத்தவர் சிற்பி வாசோர். ஐந்து ஆண்டு கழித்து, லூசியனின் தாய் க்ளோதில்ட் அவரை அங்கே கூட்டிப்போனாள். சிலையின் பாதங்கள் பீடத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன.

வாசோர் இரண்டு முறை அளந்தார். சிலையின் நீளம் முப்பத்துமூன்று சென்டிமீட்டர் கூடியிருந்தது.

"வச்சதுக்கப்புறம் நான் தொடவே இல்லம்மா," என்றார்.

"தெரியும். மழையில கால் நனையுது. ஏதாவது பண்ணுங்க."

உளியைக் கணுக்காலில் வைத்தார். க்ளோதில்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுத்தியலை ஓங்கிய கை இறங்கவில்லை.

உளியைப் பைக்குள் போட்டார். புதிய பீடத்துக்கு அளவு குறிக்கக் காகிதத்தை எடுத்தவர், எழுதாமல் நிமிர்ந்தார்.

"இவன் அப்பா என்ன உயரம்மா?" என்று கேட்டார்.