கண்ணாடி தரிசனம்

"உங்களுக்காகத்தான் இந்த ஏற்பாடே. இன்னும் இன்னா கொற உனக்கு?"

பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சமுதாயக் கூடத்தில், கோயில் தர்மகர்த்தா தணிகைவேல் இப்படிக் கேட்டது எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் கும்பாபிஷேகம். அந்தப் பெருமாள் கோயிலின் பழைய மண்டபத்தில் சுவரெல்லாம் ஓவியம். புதுச்சேரியிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி மகாலட்சுமி, மூன்று மாதம் அவற்றைப் படமெடுத்து, புகையும் கறையும் நீக்கி, பழைய நிறத்தோடு ஒரு வி.ஆர். கண்ணாடிக்குள் கொண்டுவந்திருந்தாள். மாட்டிக்கொண்டால் மண்டபத்துக்குள்ளேயே நடக்கலாம்.

காலனி ஜனங்கள் கோயிலுக்குள் வருவது அந்த ஊர் வழக்கத்தில் கிடையாது. இந்த முறை வந்தே தீருவோம் என்று மனு கொடுத்தவள் கலியம்மாள். பார்த்தார் தணிகைவேல். கண்ணாடியைக் காலனிக்காரர்களுக்கே முதலில் மாட்டச் சொல்லிவிட்டார்.

"உள்ள வந்தாக்கூட இவ்ளோ கிட்டத்துல பாக்க முடியாது கலியம்மா. பாத்துட்டு மனுவ வாபஸ் வாங்கிக்க. ஊரு நிம்மதியா இருக்கும்."

"பாக்கறேங்க. மனு பாட்டுக்கு இருக்கட்டும்."

"திமிரப் பாரேன்" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். இவ்வளவு செய்தவருக்கு ஒரு கும்பிடுகூடப் போடவில்லையே என்று மகாலட்சுமிக்கும் எரிச்சல்தான். இருந்தாலும் மாட்டிவிட்டாள்.

கலியம்மாள் நிதானமாகச் சுற்றிலும் பார்த்தாள். நான்கடி நடந்தாள். பிறகு தரையில் குந்தி உட்கார்ந்தாள்.

"என்னம்மா தெரியுது?"

"எல்லாம் நல்லாதான் செஞ்சிருக்க பாப்பா. கடைசித் தூணுக்குப் பின்னால ஒரு கிளி இருக்குமே, அத விட்டுட்டியே."

"அங்க கிளி எதுவும் இல்லம்மா. நான் மூணு மாசமா பாத்துட்டு இருக்கேன்."

"நின்னுக்கினு பாத்தா தெரியாது. தண்ணி போற ஓட்ட ஓரமா, தரையோட தரையா இருக்கும். ஒரு காலு அழிஞ்சி போன கிளி."

கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மகாலட்சுமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோயிலுக்கு ஓடினாள். கடைசித் தூணுக்குப் பின்னால், செல்போன் வெளிச்சத்தில், குப்புறப் படுத்துப் பார்த்தாள்.

கிளி இருந்தது. ஒரு கால் இல்லை.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "நீங்க யாரும் உள்ள போனதே இல்லன்னு சொன்னாங்க. உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நேரமாவுது, அடுத்த ஆளக் கூப்புடும்மா" என்று தணிகைவேல் அவசரப்பட்டார்.

கலியம்மாள் எழுந்து அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"மனுவுல நான் புதுசா ஒண்ணும் கேக்கலய்யா. வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னாடி, கதவச் சாத்திக்கினு, வவ்வா புழுக்க அள்ளிக் கழுவ என்ன உள்ள இட்டுக்கினு போறீங்களே, இந்த வாட்டி கதவத் தொறந்து வெச்சி இட்டுக்கினு போங்கன்னுதான் கேக்கறேன்."