கொட்டாங்கச்சிக் கனல்

முதுகில் கண் இல்லையே என்று அவளுக்கு இன்றுதான் தோன்றியது.

பின்னால் எத்தனை துப்பாக்கிகள், தெரியாது. முன்னால் தெரிந்தது கூரைக் கோயிலும் அதற்குள் எரிந்த குண்டமும்தான். அதையே பார்த்தபடி பின்பக்கமாக அடி வைத்து நடந்துகொண்டிருந்தாள்.

அதுதான் முறை. குண்டத்து நெருப்புக்கு அவள் கூட்டத்தார் முதுகு காட்டுவதில்லை.

நெஞ்சோடு ஒட்டிய இரண்டு கைகளுக்குள் ஒரு கொட்டாங்கச்சி. அதில் குண்டத்துக் கனல், மேலே ஒரு சிட்டிகை சாம்பிராணி. புது இடம் சேரும்வரை அது மண்ணில் படக் கூடாது. அதன்மேல் மூச்சும் படக் கூடாது. அதற்காகத்தான் வாயைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள்.

பக்கத்தில் மகள் சுடர்மணி. எட்டு வயது. சின்னப் பிள்ளைகள் கனல் சுமக்க வேண்டியதில்லை. “எனக்கும் ஒண்ணு குடும்மா” என்று அடம்பிடித்து வாங்கியிருந்தாள்.

காட்டு நிலத்தில் பதினாறு குடும்பங்கள். ரேஷன் கார்டு வேண்டாம், ஓட்டு வேண்டாம், ஊசி வேண்டாம் என்றவர்கள். காலி செய்யச் சொல்லி மூன்று நோட்டீஸ் வந்தது. மூன்றும் குண்டத்துக்குள் போயின. நேற்று வந்த போலீஸ்காரர் ஒருவருக்கு மண்டை உடைந்தது. யார் எறிந்த கல்லோ!

உள்ளே வெடிகுண்டு வைத்திருக்கிறார்கள் என்று அடிவாரம் முழுக்கப் பேச்சு. பால்காரர் வேலிக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு ஓடிப்போனார்.

“போயிரலாம். சண்டை வேணாம்” என்றார் அவர்களை நடத்திய ஐயா. “நெருப்பை மட்டும் எடுத்துக்குங்க.”

முதலில் கிளம்பியவள் அவள்.

“ஏய்! நில்லு!”

ஒலிபெருக்கி. நின்றாள்.

“கையில என்ன?”

“கனலுங்க!” என்று கத்தினாள். வாயில் கட்டிய துணி பாதியைத் தின்றது. மீதி எதிரே இருந்த கோயிலுக்குள் போனது.

“சார்... புகையுது சார்! நெஞ்சுகிட்டேருந்து புகையுது சார்!”

இளம் குரல். அவளைவிடப் பயந்த குரல்.

“திரும்புடி!”

“திரும்ப விடாதீங்கய்யா, வீசிருவா! அசையாதே!”

எதைக் கேட்பது?

வேர்வை புருவத்தில் வந்து நின்றது. துடைக்கக் கை இல்லை. காலடியில் வெயிலில் முறுகிய புல், ஒரு பொறி போதும்.

மகள் அவளை அண்ணாந்து பார்த்தாள். பிள்ளையின் கையிலும் நூலாய்ப் புகை.

ஒரு குழந்தையின் நெஞ்சு எத்தனை அகலம் இருக்கும்? அந்த இளம் குரலின் விரல் நடுங்கினால்?

“உன்னுதை இதுல கொட்டு” என்றாள், துணிக்குள்ளிருந்தே.

“நான் சுமப்பேம்மா.”

“கொட்டுடி.”

கொட்டினாள். அம்மாவின் கையிலிருந்த புகை இரட்டிப்பாயிற்று.

“கொட்டாங்கச்சியைப் போட்டுட்டு, கையைத் தூக்கிட்டுத் திரும்பி நட. ஓடாதே. என்ன ஆனாலும் ஓடாதே.”

“திரும்பினா பாவம் இல்லையா?”

“உனக்கு இல்ல.”

சின்னப் பாதங்கள் காய்ந்த புல்லை நொறுக்கிக்கொண்டு விலகின. அவள் பார்வை குண்டத்தில். காது மட்டும் மகளோடு போனது. நாலு அடி. பத்து. பதினைந்து.

“வா பாப்பா... வா, வா. பயப்படாதே, வந்துரு.”

தூக்கிக்கொண்டார்கள் போல. மகளின் மூச்சு ‘ஹக்’கென்று கேட்டது.

அவர்களிடம் சேர்ந்துவிட்டாள். பிழைத்துவிட்டாள்.

“பாப்பா, உங்கம்மா கையில என்ன வச்சிருக்கா?”

பொய் சொல்லக் கூடாது என்று வளர்த்த பிள்ளை.

“நெருப்பு” என்றாள் சுடர்மணி. கணீரென்று. “என்னுதையும் அம்மாகிட்டயே கொட்டிட்டேன்.”



பிறகு இரும்பில் இரும்பு உரசும் சத்தம். முதலில் ஒன்று. அப்புறம் வரிசையாக.

எதிரே குண்டம் எப்போதும்போல எரிந்துகொண்டிருந்தது.

அவள் அதனிடம் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டாள்.

கொட்டாங்கச்சி துளியும் சாயாமல், அதிலிருப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று, மெல்லத் திரும்பத் தொடங்கினாள்.