சங்கு நண்டுகளின் வரிசை

மீன் சந்தைக் கூச்சலில் காது புளித்துப்போன காகம் ஒன்று, இரண்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வரலாம் என்று ஒரு குட்டித் தீவுக்கு வந்திருந்தது. ஊர் திரும்பும் நாள் காலையில் பார்த்தால், சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் பெரியதில் தொடங்கிப் பொடியன் வரை மணலில் வரிசை கட்டி நின்றன. முன்னால் ஒரு பெரிய காலிச் சங்கு கிடந்தது.

"என்ன தம்பி விசேஷம்?" என்று கடைசியில் நின்ற பொடி நண்டிடம் காகம் கேட்டது.

"வீடு மாறுறோம் அண்ணே. பெரியவர் அந்தச் சங்குக்குள்ள போவார். அவர் விட்டது அடுத்தவருக்கு. அப்படியே எனக்கும் ஒண்ணு வந்து சேரும். இப்ப இருக்கிற சங்குக்குள்ள ரெண்டு மாசமாக் காலை மடக்க முடியல. இவ்வளவு பெரிய சங்கு வருஷத்துக்கு ஒண்ணுதான் கரை ஒதுங்கும்."

"தள்ளுமுள்ளு கிடையாதா?"

"அது எதுக்கு?"

காகத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதை ஊரில் சொன்னால் எவன் நம்புவான், அத்தாட்சி வேண்டாமா என்று யோசித்தது. நேரே போய்ச் சங்கைக் கவ்விக்கொண்டு எழும்பியது.

"அண்ணே, அதை வச்சிட்டுப் போங்க" என்றது பொடி நண்டு. வாயில் சங்கு இருந்ததால் காகத்தால் பதில் சொல்ல முடியவில்லை.

கடலுக்கு மேல் வந்ததும் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. வரிசை கலையாமல் அப்படியே நின்றது. நம்ம ஊராக இருந்தால் இந்நேரம் கல்லை விட்டெறிந்திருப்பார்கள் என்று நினைத்தபோது, அந்தத் தீவின் மேல் காகத்துக்கு மரியாதை இன்னும் கூடியது.