குளத்தை நகர்த்தியவர்

"குளத்தை இன்னும் பத்தடி தள்ளுங்கம்மா. கண்ணை உறுத்துது," என்றார் தொப்பிக்காரர்.

தோட்ட வடிவமைப்பாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்துப் பூங்காவும் எஸ்டேட்டும் ஒன்றாய்த் தெரியட்டும் என்று அவள் வேலியை எடுத்ததிலிருந்தே இந்தத் தொல்லைதான். எஸ்டேட் முதலாளியின் மாமனாராயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்றாவது தடவையாக வரைபடத்தைத் திருத்தினாள்.

மறுநாள் முதலாளியிடம் வெடித்தாள். "சார், ஒண்ணு நான் இருக்கணும், இல்ல உங்க மாமனார் இருக்கணும்!"

"என் மாமனாரா? உங்க ஆபீஸ் பெரியவர்னு நெனச்சு நான் தினம் வணக்கம் வச்சிட்டிருக்கேன்!"

இருவரும் விறுவிறுவென்று போய், "யார் சார் நீங்க?" என்றார்கள்.

தொப்பிக்காரருக்கு முகம் சிவந்தது.

"இருபது வருஷமா இந்தப் பூங்காவுல நடக்கறேன். பொதுஜனம் வாயைத் திறந்தாலே பூங்கா ஊழியருங்களுக்கு ஆகாதே!"