குழல் நுழையாத லேத்

“எது நல்லதுண்ணே? நீங்க கை காட்டுறதுதான்.”

செவெரினோ கேட்டான். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பியவன். பாலத்தருகே துப்பாக்கிப் பட்டறை போடப்போகிறான் என்று கார்தோனே ஊர் முழுக்கப் பேச்சு.

அண்ணன் பொர்த்தோலோவுக்கு அது பிடிக்கவில்லை. வேட்டைத் துப்பாக்கியில் குடும்ப முத்திரையை மூத்த மகன்தான் அடிக்க வேண்டும். அப்பா அடித்தார், இப்போது இவர் அடிக்கிறார். தம்பியும் ஒரு பக்கம் அடித்தால் அந்தப் பெயருக்கு என்ன மரியாதை?

எந்திரக் கடையின் கிடங்கில் இரண்டு லேத்கள் நின்றன. ஒன்று பெயிண்ட் உரிந்த பழையது. தலைப்பகுதி குட்டை, நடுத்துளை அகலம். துப்பாக்கிக் குழலை உள்ளே விட்டால் மறுபக்கம் நீட்டிக்கொண்டு வரும். இரண்டு முனையையும் பிடித்து இம்மி பிசகாமல் கடையலாம். பார்த்ததும் பொர்த்தோலோவின் கை துறுதுறுத்தது.

மற்றது புத்தம் புதிது. எண்கள் ஒளிரும் திரை. ஆனால் தலை நீளம்; துளையில் கட்டைவிரலே திணறியது. குழல் எங்கே நுழைவது?

நல்லதையும் இவனே கொண்டுபோக வேண்டுமா?

“புதுசுதான்டா. அந்தக் கிழட்ட ஏறெடுத்தும் பாக்காத.”

“துப்பாக்கி வேலைக்கா...?” என்று இழுத்தார் கடைக்காரர் தெரேசியோ.

“நாப்பது வருஷமா குழல் கடையறவன் சொல்றேன். நீர் பில்லப் போடும்!”

தெரேசியோ பில் புத்தகத்தை எடுத்தார்.

“ஒரு தடவ நின்னு பாருங்கண்ணே. கைப்பிடி உங்க முழங்கைக்குச் சரியா வருதா?” என்றான் தம்பி. அவன் அண்ணனைவிட ஒரு சாண் உயரம்.

பொர்த்தோலோ வேண்டாவெறுப்பாக நின்று, சுற்றினார். “வெண்ணெய் மாதிரி சுத்துது, போ.”

“அப்ப இதையே ஏத்துங்க. வாங்கண்ணே, சாப்பிடுவோம்.”

சுட்ட குருவியும் சோளக்களியும் அன்று பொர்த்தோலோவுக்குத் தனி ருசியாக இருந்தன. ஒயினை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். முதல் குழலிலேயே தம்பி முழி பிதுங்கி நிற்பதைக் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டே நடந்தார்.

திரும்பி வந்தபோது, அவருடைய பட்டறை வாசலில்தான் தெரேசியோவின் லாரி நின்றது.

“பாலம் அந்தப் பக்கம்டா. இங்க எதுக்கு நிறுத்தியிருக்கான்?”

“பாலத்துக்கிட்ட நான் குடியிருக்க வீடுதான் பாத்திருக்கேன். எனக்கெதுக்குண்ணே பட்டறை? அதுக்கு நீங்க இருக்கீங்க.”

பொர்த்தோலோ உள்ளே ஓடினார். அப்பா கடைந்த, அவர் கடைந்த, பட்டறையின் சொந்த லேத் இருந்த இடத்தில் புதியது பளபளத்தது. மனைவி கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள்.

பின்னால் வந்து தோளில் கை போட்டான் தம்பி.

“உங்க பழச கடைக்காரருக்கு மாத்தா குடுத்துட்டேன்ணே, இனி உங்களுக்கு இதுதான்!”