இருந்தா நல்லா இருக்கும்

தீபாவளி மாதத்தில் மட்டும் வீட்டுச் சுவர்களுக்குக் காது கூர்மையாகிவிடும். யார் வந்து "இருந்தா நல்லா இருக்கும்" என்று சொன்னாலும் வீடே அதை ஆர்டர் போட்டு வாங்கிவிடும். செலவு வீட்டுக்காரர் தலையில். திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

போன வருஷம் என் நாத்தனார் வனஜா எங்கள் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இங்க ஒரு தேக்கு ஊஞ்சல் இருந்தா நல்லா இருக்கும்ல?" என்றாள். வேண்டுமென்றேதான். அன்றிலிருந்து நாங்கள் சமையலறைக்கு ஊஞ்சல் சங்கிலிக்கு அடியில் குனிந்துதான் போகிறோம்.

இந்த வருஷம் நான் அதிரசத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே வாயில் விரல் வைத்துக் காட்டினாள். தலையாட்டினேன். உட்கார்ந்து காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். பிறகு சுவரைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னேன்.

"உன் மாமியார் பாவம், ஊர்ல தனியா கிடக்காங்க. இங்கயே இருந்தா நல்லா இருக்கும்."

"அழைத்து வரக் கார் கிளம்பிவிட்டது," என்றது வீடு. "கட்டில் மாலைக்குள் வரும். பண்டிகைச் சலுகை என்பதால் ரத்து கிடையாது."

வனஜா சுவரைப் பார்த்து, "ரத்து! ரத்து!" என்று கத்தினாள். அம்மாவைக் கூட்டி வரலாமா என்று இத்தனை வருஷம் கேட்கக்கூடத் துணியாத அவள் கணவர் இரண்டாவது அதிரசத்தை எடுத்துக்கொண்டார்.

"அடிக்கடி வாங்க, தங்கச்சி," என்றார் என்னிடம்.