புழுதி வருமுன்

மேற்கே வானம் செங்கல் நிறத்தில் எழுந்து வருகிறது. சக்கரம் கழற்றிய காரருகே மண்டியிட்டிருக்கும் நெரெல், அச்சுத்தண்டின் மூட்டுக்குள் கிரீஸைத் திணிக்கிறாள். கிழிந்த ரப்பர் உறை காலடியில் கிடக்கிறது. புது உறை மாட்டுமுன் மணல் புகுந்தால் மூட்டு போய்விடும். நாளை கணவன் கிளைவை டயாலிசிஸுக்கு ஐந்நூறு கிலோமீட்டர் கொண்டுபோக வேறு வண்டியில்லை. "கேக்குக்கா கிரீம் தடவுற? சீக்கிரம்!" என்கிறான் வாசல் நாற்காலியிலிருந்து கிளைவ். "வாயை மூடுய்யா, மண்ணு போயிடும்." இழுத்த புது உறை கிரீஸில் வழுக்கி மடங்குகிறது. தகரக் கூரை படபடக்கிறது. முதல் துகள்கள் அவள் கழுத்தில் குத்துகின்றன. திடீரென்று காற்று தடைபடுகிறது. தன் மேல்கோட்டை இரு கையாலும் விரித்துப் பிடித்தபடி கிளைவ் அவள்மேல் குனிந்து நிற்கிறான், கால்கள் நடுங்குகின்றன. "ம், இழு." அவன் முதுகில் மணல் சடசடவென்று கொட்டுகிறது. உறையின் விளிம்பு மூட்டைச் சுற்றிய பள்ளத்தில் போய் உட்காருகிறது.